எதற்கு ‘ம்’ சொன்னேன்

இடைவேளையில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது தியேட்டர் வாசலில், டிக்கெட் கிழிக்கிற அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. “அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டுட்டும் நீ மாறவே இல்ல நயினார். அதை நம்பித்தான் இன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். இடைவேளையில கேக்கேன்.” இதுதான் பியூலா பேசிய முழு வசனம், ஒரு எழுத்து கூடக் குறைய இருக்காது, படத்து வசனமானாலும் பக்கத்தில் இருப்பவர் வசனமானாலும் மனப்பாடமாக வைத்துக்கொள்வதில் எங்கள் பல்கலைக்கழகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேசிவிட்டு அவள்பாட்டுக்கு பால்கனிப் படி ஏறிவிட்டாள். இப்போது என் இடது பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையில் ஒரு லாரி டிரைவர் காணாமல் போன தம்பியைத் தேடிக்கொண்டு போகிறான், சுங்கச்சாவடியில் யாரோ அவனிடம் எதையோ சொல்கிறார்கள், சொன்னது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. எப்படிப் போகும். அவள் ‘அன்னைக்குச் சொன்னது’ என்ன என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் தெரியாது என்றில்லை, ஒரு வருஷமாகவே தெரியாது. போன வருஷம் இதே தியேட்டரில், இதே மாதிரி ஒரு மதியக் காட்சியில், இருட்டில் என் பக்கம் சாய்ந்து அவள் ஏதோ சொன்னாள், நான் ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’ எதற்குச் சொன்னது என்று தெரியாமலே ஒரு வருஷம் அவளோடு சுற்றியிருக்கிறேன், அவள் வாங்கித் தந்த டீயைக் குடித்திருக்கிறேன், இப்போது அதை நம்பி அவள் ஏதோ முடிவெடுக்கப் போகிறாள், அது பெரிய முடிவு என்பது அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதிலேயே தெரிகிறது. இடைவேளைக்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் மாட்டினேன்.

இந்த ‘ம்’ இருக்கிறதே, இதை யார் நம்முடைய மொழிக்குள் விட்டது. சரி என்பதற்கும் ம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லு என்பதற்கும் ம். ஆளை விடு என்பதற்கும் அதே ம். எங்கள் அம்மா சித்தியோடு போனில் பேசுகிற நாளெல்லாம் வெறும் ம்தான், சித்தி அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தையே கவிழ்த்துக் கொட்டியிருப்பாள், அம்மா இந்தப் பக்கம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ம், ம், அப்புறம் போனை வைத்துவிட்டு, என்ன சொன்னா தெரியலியே என்பாள். அந்த வயிற்றில் பிறந்தவன்தானே நான். ஆனால் அன்றைக்கு என் மேல் மட்டும் தப்பில்லை. தியேட்டரில் புது ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். சுவரிலும் கூரையிலும் பதித்து, எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படத்தில் மழை. பாலத்தின் மேல் ஒரு பஸ். மழை முதலில் முன்னால் பெய்தது, பிறகு தலைக்கு மேல், பிறகு மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன், ஒரு துளி தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கூடத் தனியாகப் பிரித்துவிட்டேன், அந்த நேரத்தில்தான் இடது பக்கம் அவள் மூச்சு பட்டது. ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் ‘ம்’ என்றேன். உடனே பாலம் உடைந்தது. பயத்தில் எதையோ இறுக்கிப் பிடித்தேன், பஸ் ஆற்றில் முழுவதும் இறங்கிய பிறகுதான் பிடித்தது அவள் கை என்று உறைத்தது, பதறியடித்து எடுத்துக்கொண்டேன். படம் முடிந்து வெளியே வெயிலில் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. “தேங்க்ஸ் நயினார்” என்றாள். எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது, பெருந்தன்மையாகத் தலையை ஆட்டி “இதுல என்ன இருக்கு” என்றேன். இதுல என்ன இருக்கு. எனக்கல்லவா தெரியவில்லை, இதில் என்ன இருக்கிறது என்று.

மறுநாள் கேட்டிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. படத்துல மூழ்கிட்டேன், என்ன சொன்ன என்று கேட்டிருந்தால் திட்டிவிட்டு இன்னொரு தரம் சொல்லியிருப்பாள். அந்த வாரத்துக்குள் கேட்டிருந்தாலும் சமாளித்திருக்கலாம். ஆனால் மறுநாள் துறை வாசலில் வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் இருந்த இருப்பில், ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த ஆள் முகம் அது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது. நாள் போகப் போக அது கேட்க முடியாத கேள்வியாகிவிட்டது. அதிலும் நான் யார். தொடர்பியல் துறையில் நயினார் என்றால் சினிமாவைக் கேட்கிறவன் என்று பெயர். பார்க்கிறவன் இல்லை, கேட்கிறவன். பின்னணி இசை எந்த இடத்தில் நிற்கிறது, நின்ற பிறகு வருகிற நிசப்தத்துக்குள் மின்விசிறி ஓடுகிறதா இல்லையா என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் பக்கத்தில் இருக்கிற பெண் கண்கலங்கச் சொன்னது கேட்கவில்லை என்று சொன்னால் எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது. அதனால் தெரிந்த மாதிரியே இருந்துவிட்டேன். தெரிந்த மாதிரி இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை, வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் கனிவாகப் பார்த்தால் போதும், பாதிப் படங்களில் கதாநாயகர்கள் அதைத்தான் செய்கிறார்கள். லாரி இப்போது ஏதோ மலைப்பாதையில் ஏறுகிறது. தம்பி கிடைத்துவிட்டானா, இல்லை இது வேறு தம்பியா, யாரிடம் கேட்பது.

முதலில் காதல் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்கச் சொல்கிறீர்கள், இருட்டில் ஒரு பெண் சாய்ந்து ரகசியமாகச் சொல்கிறாள், நான் ம் என்கிறேன், கையைப் பிடிக்கிறேன், அவள் கண் கலங்கி நன்றி சொல்கிறாள், இதற்குமேல் ஒரு காட்சியை எப்படி எடுப்பது. அதன்பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையும் அப்படித்தான். கண்ணைப் பார்க்கமாட்டாள். வாயைப் பார்ப்பாள். நான் பேசும்போதெல்லாம் என் உதட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசும். அறைத்தோழன் மைதீன்தான் அதை முதலில் கவனித்தவன். “லேய், அவ உன் வாயைத்தாம்ல பாக்கா. நீ பல்லு வெளக்குனியா இன்னைக்கு?” என்றான். நான் மீசையைக் குறைத்தேன், உதடு தெரியட்டும் என்று. டவுனில் போய் உதட்டுக்குத் தடவுகிற களிம்பு வாங்கி வந்தேன், மைதீன் அதை எடுத்து ரொட்டியில் தடவப்போனான். அந்த மாதம் முழுக்க நான் ஒரு பாட்டுக் காட்சிக்குள் இருந்தேன், வகுப்பில் ஆராய்ச்சி முறையியல் நடத்திக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை, அந்த ஒரு பாடம்தான் இன்றுவரை அரியராக நிற்கிறது. ஆனால் காதல் என்றால் அவள் ஏன் போனை எடுக்கமாட்டாள். கூப்பிட்டால் துண்டித்துவிட்டு, என்ன சொல்லு என்று எழுதி அனுப்புவாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள், விறுவிறு என்று போய்க்கொண்டிருப்பாள், வகுப்பில் அவளுக்குத் திமிர்க்காரி என்றே பெயர். எந்தப் படத்துக்குப் போனாலும் எந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தாலும், நீ அந்தப் பக்கம் வா என்று என்னைத் தன் வலது பக்கத்துக்கு மாற்றிவிடுவாள். ராசியா, வேண்டுதலா, இல்லை என் இந்தப் பக்கத்து முகம்தான் பார்க்கிற மாதிரி இருக்கிறதா. குளிக்கும்போது கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஆனித் தேரோட்டம் வந்தது, காதல் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ரத வீதியில் கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம், பக்கத்துச் சந்தில் எவனோ வேட்டுப் போட்டான், நான் ஒரு முழம் துள்ளி முன்னால் நின்றவர் காலை மிதித்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், பியூலா இமைக்கக்கூட இல்லை. தேரைப் பார்த்துக்கொண்டு, நான் துள்ளியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். எத்தனை தைரியம் என்று நினைத்தேன். இவ்வளவு தைரியமான பெண்ணுக்கு என்மேல் எதற்குக் காதல் வரப்போகிறது என்றும் நினைத்தேன். அப்படியென்றால் சொன்னது வேறு. நாம நல்ல பிரெண்ட்ஸா மட்டும் இருப்போம் என்று சொல்லியிருப்பாள், நான் ம் என்றிருக்கிறேன், அதற்குத்தான் அந்த நன்றி. அந்த நினைப்பு வந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ம்மால் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே என்று மைதீனிடம் புலம்பினேன், மைதீன் “அவகிட்டயே கேளேம்ல, வாய்க்குள்ள என்ன வச்சிருக்க” என்றான், கேட்கிறவனாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

அதன்பிறகுதான் வேலூர். புரட்டாசியில் அம்மாவோடு வேலூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலூர் என்றால் ஆஸ்பத்திரிதான், நம் ஊர்க்காரர்கள் கோட்டையைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவார்கள். அம்மாவுக்கா, இவளுக்கா, அன்றைக்குச் சொன்னது வியாதியா, ஒரு பெண் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று சொல்லி அதற்கு நான் ம் என்று சொல்லிவிட்டேனா. சினிமாவில் பார்த்த வியாதிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, இருமி இருமிக் கைக்குட்டையில் பார்க்கிறது, ஜன்னலோரம் படுத்துக்கொண்டு இலையை எண்ணுகிறது. அவள் இருமுகிறாளா என்று கவனித்தேன், இருமவில்லை, நன்றாகப் பரோட்டா சாப்பிட்டாள். திரும்பி வந்ததும் தூண்டில் போட்டுப் பார்த்தேன். “எப்படி இருக்கு இப்ப, அது?” என்றேன், அது என்று பொதுவாக. “அப்பிடியேதான். குறைஞ்சுகிட்டே வருதுன்னு சொல்லுதாங்க” என்றாள். எனக்கு உயிர் வந்தது. “குறையுதா, அப்ப நல்லதுதான!” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவள் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, கண்ணில் தண்ணீர் வர வர டீக்கடை பெஞ்சில் குனிந்துகொண்டு சிரித்தாள், “உன்னை மாதிரி இதை யாருமே எடுத்துக்கிட்டதில்ல” என்றாள். என்னது குறைகிறது. எடையா, கடனா, சர்க்கரையா, என்மேல் இருந்த அபிப்பிராயமா. குறைவது எதுவாக இருந்தாலும் நல்லதில்லை போலிருக்கிறது என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பட்டது, பட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

பக்கத்தில் அசைகிறாள். பாப்கார்ன் வேண்டுமா என்று பொட்டலத்தை நீட்டுகிறாள், எடுக்கிறேன், உப்புக் கரிக்கிறது. திரையில் டிரைவர் ஒரு போலீஸ்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறான், கூட்டம் சிரிக்கிறது, பியூலா கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதன்பிறகு சிரிக்கிறாள், எப்போதுமே இவள் ஒரு நொடி பிந்தித்தான் சிரிப்பாள், நகைச்சுவை உணர்ச்சி மட்டு என்று வைத்திருக்கிறேன். இந்தப் படம் முடிந்ததும் வழக்கம்போல டீக்கடையில் உட்காரவைத்து, வசனத்தையெல்லாம் சொல்லு என்பாள். இந்த வருஷம் பார்த்த அத்தனை படத்துக்கும் அப்படித்தான். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், ஒன்று விடாமல், குரலை மாற்றி மாற்றி நான் நடித்துக் காட்ட வேண்டும், அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள், டீ ஆறிப்போகும். என்னை இந்த ஜென்மத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் நான் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே அப்பா பேங்க் பரீட்சை புத்தகத்தைக் கண்ணால் காட்டுவார். இவள் ஒருத்திதான். இவளுக்காகவே நான் கவனமாகப் படம் பார்த்தேன் என்று கூடச் சொல்லலாம். இன்றைக்கு என்னத்தைச் சொல்வேன், பாதிப் படம் ஓடிவிட்டது, டிரைவர் பெயர் கூட எனக்குத் தெரியாது. அதுவா இப்போது கவலை. இடைவேளையில் அவள் கேட்பாள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், கேள்வியைப் பார்த்துப் பழைய விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வருகிறது, பரீட்சையில் அடுத்த கேள்வியை வைத்து முந்தின கேள்விக்கு விடை எழுதுகிற மாதிரி. கண்டுபிடிக்க முடியாவிட்டால்? அப்போதும் இருக்கவே இருக்கிறது ம். இன்னொரு ம் சொல்லி இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். ஓட்டலாமா. அவள் நம்பித்தான் என்று சொன்னாளே, அதை நம்பித்தான் என்று, அந்த வார்த்தைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. நான் கேட்காத ஒன்றைக் கேட்டதாக வைத்துக்கொண்டு இவள் எங்கேயாவது போய் விழுந்தால் அது யார் தலையில் விடியும். உண்மையைச் சொன்னால், ஒரு வருஷமா ஏமாத்தினியா என்று எழுந்து போய்விடுவாள். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள். எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது. இதை நான் இவ்வளவு நேராக இதற்கு முன்னால் நினைத்ததே இல்லை, எல்லாவற்றையும் ஒரு படமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் இது நடுவில் எங்கேயோ தவறிப்போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து டிரைவர் லாரியின் பின்கதவைத் திறக்கிறான், உள்ளே எதையோ பார்த்து அலறுகிறான், திரை அப்படியே நிற்கிறது, இடைவேளை.

விளக்கு எரிந்தது. கூட்டம் கதவைப் பார்த்து ஓடியது. ஸ்பீக்கரில் நகைக்கடை விளம்பரம் காதைப் பிளந்தது. பியூலா முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எங்க வீட்ல ஒரு இடம் பாத்திருக்காங்க. நாசரேத்து. பையன் ஸ்கூல்ல சாராம். வார ஞாயித்துக்கெழம பாக்க வாராங்க” என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. “அம்மா அதைச் சொல்லவே கூடாதுங்கா. சொன்னா எவன் கட்டுவாங்கா. மறைச்சுக் கட்டிட்டு அப்புறம் எப்பிடி ஒரே வீட்ல இருக்க? நான் சொல்லிருவோம்ங்கேன். என் கூடப் படிக்கிற ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கேன், அவன் கொஞ்சங்கூட மாறல, ஒரு கேள்வி கேக்கல, பரிதாபமா ஒரு பார்வை பாக்கலன்னு சொன்னேன். அம்மா நம்ப மாட்டேங்கா. நீ நாளைக்கு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லணும். வருவியா?”

ம் என்று சொல்ல வாய் கூடிவிட்டது. உதடு ஒட்டிக்கூட விட்டது. சொல்லியிருந்தால் நாளைக்கு அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அம்மா தருகிற காப்பியைக் குடித்துக்கொண்டே விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கலாம். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பியூலா, எனக்கு அன்னைக்குக் கேக்கல” என்றேன்.

“என்ன?”

“எனக்குக் கேக்கல. நீ சொன்னது. ஒரு வார்த்தை கூடக் கேக்கல.”

அவள் முகத்தில் குழப்பத்தைத் தவிர ஒன்றுமில்லை. கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மெதுவாகக் கேட்டாள். “உனக்குமா?”

அந்த ‘உம்’தான் என்னை அடித்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை, இருந்தும் சொன்னாள், என்னிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது காது குறைந்துகொண்டே வருகிறது, கொஞ்ச வருஷத்தில் அதுவும் இருக்காது என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். காதில் வைக்கிற மெஷின் வாங்கியாகிவிட்டது, கல்யாணம் முடிகிறவரைக்கும் போடக்கூடாது என்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயமாக இருந்ததால்தான் அன்றைக்கு இருட்டில் சொன்னாள். எனக்கு ஒரே சமயத்தில் தேரோட்டத்து வேட்டும் வேலூரும் மீசையும் எல்லாம் ஞாபகம் வந்தது, அந்தக் களிம்பு கூட ஞாபகம் வந்தது, வெட்கத்தில் சீட்டுக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

“நான் சும்மா ம்-னு சொல்லிட்டேன்” என்றேன்.

“நீ ம்-னா சொன்ன? அது எனக்கு எப்பிடிக் கேக்கும்?” என்றாள். “நீ என் கையைப் பிடிச்சேல்லா. நான் சொன்ன உடனே பிடிச்சேல்லா.”

“அது பாலம் உடைஞ்சுதுன்னு பிடிச்சேன்.”

இதை ஏன் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாமே. அவள் சிரித்தாள், பாதிச் சிரிப்பிலேயே முகம் கோணிக்கொண்டது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். “அப்ப அம்மா சொன்னதுதான் சரி” என்றாள். “உனக்குத் தெரியல, அதான் மாறல. தெரிஞ்சுட்டா யாரா இருந்தாலும்...” என்று இழுத்துவிட்டு நிறுத்தினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரி. இப்பக் கேட்டுட்டேல்லா. இப்பச் சொல்லு, நாசரேத்துக்காரங்ககிட்ட நான் சொல்லட்டுமா, வேண்டாமா?” என்று என் முகத்தை, வாயை மட்டுமல்ல, முகம் முழுவதையும் உற்றுப் பார்த்தாள். என் முகம் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தது எல்லாம் கலந்து கட்டி இருந்தது. பயம், அவள்மேல் பாசம், அந்த நாசரேத்து வாத்தியார் மேல் முன்பின் தெரியாத எரிச்சல், இவள் எப்படிப் படம் பார்க்கிறாள் என்கிற கேள்வி, இந்த நேரத்திலும் சினிமாவா என்று என்மேலேயே வெறுப்பு. இதில் எது வெளியே தெரிந்ததோ. வாயைத் திறந்தேன். விளக்கு அணைந்துவிட்டது.

இருட்டில் அவளுக்கு என் வாய் தெரியாது. ஸ்பீக்கர் சத்தத்தில் என் குரலும் கேட்காது. படம் முடிகிறவரை நான் என்ன சொன்னாலும் அது சொல்லாததுதான். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள், பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டாள் போலிருந்தது, நேராக, ரொம்ப நேராக உட்கார்ந்திருந்தாள். தியேட்டரில் போனை எரியவிடுகிறவனை நான் மனுஷனாகவே மதித்ததில்லை, எத்தனையோ பேரோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பையிலிருந்து போனை எடுத்தேன், விளக்கைப் போட்டு என் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டேன், அவள் தோளைத் தட்டினேன். திரும்பினாள். பின்னாலிருந்து உடனே, “ஏ தம்பி, லைட்டை அமத்துங்க” என்று சத்தம் வந்தது. நான் அமர்த்தவில்லை. வெளிச்சத்தில் கண் கூசியது. “மாறுவேனா மாட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியல” என்றேன், ஒவ்வொரு வார்த்தையாக. “இப்பத்தான கேட்டேன். ஆனா நீ சொல்லிரு. மறைக்காத. அம்மாகிட்ட நானும் வந்து சொல்லுதேன்.” அவள் தலையை ஆட்டினாள், அது சரி என்பதா, புரிந்தது என்பதா தெரியவில்லை. பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள், யாரோ டார்ச் வைத்திருப்பவரைக் கூப்பிட்டார்கள். நான் இன்னும் ஒன்றையும் சொன்னேன், வேகமாகச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைச் சுருக்கினாள்.

“கடைசியில என்ன சொன்ன?” என்றாள்.

“அவன் வேண்டாம்னு போயிட்டா எனக்குச் சந்தோசம்னு சொன்னேன்” என்று கத்தினேன். திரையில் யாரும் பேசாத நேரம் அது. பால்கனி முழுக்கக் கேட்டிருக்கும். முன்வரிசையில் நான்கைந்து தலைகள் திரும்பின. பின்னால் சத்தம் போட்டவர், “அவருதான் சொல்லிட்டாருல்லாம்மா, இனி அமத்தச் சொல்லும்மா” என்றார். பியூலா போனைப் பிடித்திருந்த என் கையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லித் தன் கையால் நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.